விளக்கின் தலையில் அன்னம்

"திருடன் நல்ல வளர்ப்பு, சேர்," என்றாள் டொரதி. "கயித்த அறுக்கல பாருங்க. அவுத்து வச்சிட்டுப் போயிருக்கான்."

பொன்னுத்துரை பதில் சொல்லவில்லை. அவர் பதில் சொல்லாவிட்டால் அந்தப் பேச்சை எங்கோ பத்திரமாக எடுத்து வைத்துவிட்டார் என்று அர்த்தம். தபால் திணைக்களத்தில் முப்பத்தொரு வருடம், விலாசம் பிழைத்த கடிதங்களுக்குச் சொந்தக்காரரைத் தேடிக் கொடுத்த மனிதர். பென்ஷன் எடுத்த பிறகு கண்டி நகரின் திருகோணமலை வீதியில், ஒரு தையற்கடைக்கு மேல் மாடியில் அறை எடுத்துக்கொண்டு, கடிதங்களுக்குப் பதிலாக ஆட்களைத் தேடத் தொடங்கினார். அந்த அறையில் டைப் அடிப்பது, டெலிபோன் எடுப்பது, வருகிறவர்களைச் சிரிக்கவைத்து அவர்கள் மறைக்கிறதைப் பிடுங்குவது எல்லாம் டொரதியின் வேலை.

இரண்டு பேரும் நின்றது வாவிக்கு மேலே, பழைய தோட்டத்துரை ஒருவரின் பங்களாவில் இயங்கும் தனியார் நூதனசாலையில். எதிரே நெஞ்சளவு உயரத்தில் ஒரு பித்தளைக் குத்துவிளக்கு. தலையில் அன்னம். அன்னத்தின் கழுத்திலிருந்து ஒரு சணல் கயிறு தொங்கியது. கயிற்றின் முனையில் இருக்க வேண்டிய அட்டையைக் காணவில்லை.

அந்த அட்டைதான் விவகாரம்.

தவமணி என்ற ஓவியக்காரப் பெண் செய்த காரியம் அது. தெல்தோட்டைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்பில் படித்துவிட்டு வந்தவள். கண்காட்சி ஒன்று வையுங்கள் என்று நூதனசாலைக்காரர்கள் கூப்பிட்டபோது நீர்வீழ்ச்சியும் யானையும் வரும் என்று எதிர்பார்த்திருந்தார்கள். அவள் ஒரு படமும் கொண்டுவரவில்லை. அங்கே ஏற்கெனவே இருந்த நூற்றுப் பன்னிரண்டு பொருட்களிலும் ஒவ்வொரு அட்டையைக் கட்டித் தொங்கவிட்டாள். அட்டையில் மூன்று மொழியிலும் ஒரே கேள்வி: நான் யாருடையது, இங்கே எப்படி வந்தேன், தெரிந்தவர் எழுதவும். பக்கத்தில் ஒரு பென்சில். அவ்வளவுதான் கலை.

சனம் எழுதத் தொடங்கியது. ஓலைச்சுவடிக் கட்டின் அட்டையில் ஒரு வயதான பிக்கு, இது எங்கள் விகாரையில் இரவல் வாங்கிப் போனது, இரவல் எப்போது முடியும் ஐயா, என்று சிங்களத்தில் எழுதிவைத்தார். தப்பு மேளம் ஒன்றின் அட்டையில், என் மாமன் அடித்தது, துரை படம்பிடிக்க வாங்கிப்போனார், என்று யாரோ கிறுக்கியிருந்தார்கள். நாளுக்கு நாள் கூட்டம் ஏற, நாளுக்கு நாள் நிர்வாகத்தின் முகம் இறங்கியது.

குத்துவிளக்கின் அடியில் நூதனசாலை ஒட்டியிருந்த பழைய விபரம் வேறு: யாழ்ப்பாணம், அன்பளிப்பு திரு. நடராஜா. கண்காட்சியின் இரண்டாம் நாள் விளக்கின் அட்டையிலும் யாரோ எதையோ எழுதியிருக்கிறார்கள். மாலையில் அட்டை இல்லை.

அந்த நடராஜாவேதான் பத்து நாளைக்கு முன் மாடிப்படி ஏறி வந்தார். நகரில் இரும்புக்கடை, கோயிலில் தர்மகர்த்தா, எந்த விழாவிலும் முன்வரிசைக் கதிரை. குரல் பஞ்சு மாதிரி. தன்னுடைய விளக்கைப் பற்றி யாரோ என்னவோ எழுதினார்களாம், தான் வாசிக்க முன்னமே அட்டை போய்விட்டதாம். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் எத்தனையோ வீட்டுச் சாமான் கை மாறியது, அறியாமல் வாங்கியிருந்தால் திருப்பிக் கொடுப்பது தன் கடமை, எழுதியவரைச் சத்தமில்லாமல் தேடித் தாருங்கள் என்றார். போகிற போக்கில் டொரதியிடம் ஒரு வார்த்தை.

"பிள்ளை, உங்கட கோவில் ஃபாதரிட்டச் சொல்லி ஞாயிறு பூசை முடிய ஒரு அறிவித்தல் வாசிக்கச் செய்யும். விளக்கைத் துலைச்சவை ஆரும் இருந்தால் உமக்குப் போன் எடுக்கட்டும்."

சைவக் கோயில் தர்மகர்த்தாவுக்குத் தன் மாதா கோவில் ஞாபகம் வந்ததே என்று டொரதிக்கு உச்சி குளிர்ந்தது. அறிவித்தலைத் தானே டைப் அடித்துக் கொடுத்தாள். நேற்று, வியாழக்கிழமை, போன் வந்தது. ஒரு பெண் குரல், பேர் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை நாலு மணிக்கு மியூசியத்துக்கு வந்து விளக்கைப் பார்ப்பேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. டொரதி உடனே நடராஜாவுக்குத் தகவல் கொடுத்தாள். கெட்டிக்காரி என்று பேர் வாங்கினாள்.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. காலை பத்தரை.

"ஆர் கேட்டாலும் விளக்கு என்னுடையது எண்டுதான் சொல்லுவினம்," என்று இத்தனை நேரத்துக்குப் பிறகு வாயைத் திறந்தார் பொன்னுத்துரை. "நாலு மணிக்கு வாற ஆள் உண்மையான ஆளோ எண்டு பாக்க எங்களிட்ட ஒரு அளவு இருக்கோணும். அது இல்லாமல் நான் ஒருத்தரையும் ஒருத்தருக்கும் காட்டமாட்டன்."

டொரதி பக்கத்து அட்டையின் கயிற்றை அவிழ்க்கப் பார்த்தாள். இழுக்க இழுக்க இறுகியதே தவிர அவிழவில்லை. நகம் ஒன்று போனதுதான் மிச்சம். பின்னால் நின்ற தவமணி சிரித்தாள். கொழுந்துச் சாக்கின் வாயைக் கட்டுகிற கட்டு அது, எங்கள் தோட்டத்து வழக்கம், டிக்கெட் மிஸ்ஸும் கூட இருந்து கட்டியபடியால் இரண்டு நாளில் முடிந்தது என்றாள். சிரிப்பு அதோடு நின்றுவிட்டது. அவள் இவர்களை வாசல்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனாள்.

"ஒங்கள நான் நம்பல. நீங்க நடராஜாவோட ஆளுங்க," என்றாள். "ஆனா நாலு நாளா சாயங்காலத்துல கீழ வளைவுல ஒரு வெள்ளை வான் நிக்குது. நம்பர் இல்ல. எழுதினவங்கள நீங்க மொதல்ல கண்டுபிடிச்சாலாவது உயிரோட இருப்பாங்க."

டொரதி வாசலால் எட்டிப் பார்த்தாள். வளைவு வெறுமையாக இருந்தது. இருந்தாலும் அதன்பிறகு அவள் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கவில்லை.

தவமணி பைக்குள்ளிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்தாள். தோட்டத்தில் கொழுந்து நிறுத்துச் சீட்டு எழுதும்போது காபன் தாள் வைக்காமல் எழுதினால் அந்தச் சீட்டை எவரும் நம்பமாட்டார்கள். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு அட்டைக்குப் பின்னாலும் காபனும் மெல்லிய தாளும் வைத்திருந்தாள். அன்றைக்குப் பகலே பின்தாளை உருவி எடுத்தாயிற்று. அட்டை போனது பிறகுதான். ஒரே குறை, காபனைப் பாதிப் பாதியாக வெட்டி வைத்திருந்தபடியால் எழுதியதில் கீழ்ப்பாதிதான் பதிந்திருந்தது.

டொரதி வாசித்தாள்.

"அடியில் மூன்று பொட்டு ஈயம் இருக்கும். கடுகண்ணாவையில் வைத்தது. அன்று கதவைத் தட்டியவரின் குரல் தெரிந்த குரல் என்பதால்தான் அப்பா திறந்தார். எங்கள் வீட்டில் தேத்தண்ணி குடித்தவர். இன்னும் இந்த ஊரில்தான் இருக்கிறார்."

டொரதி தாளைப் பொன்னுத்துரையிடம் நீட்டினாள்.

விளக்கைச் சரித்துப் பார்க்க வேண்டும் என்றார் பொன்னுத்துரை. டிக்கெட் மேசையிலிருந்த ரஞ்சனி மிஸ்ஸைத் தவமணி கூப்பிட்டாள். இருபத்தெட்டு வயது மதிக்கலாம். நீர்கொழும்புக்காரி, சிங்களம்தான் பேசுவாள், ஆறு வருடமாக இங்கே டிக்கெட் கிழிப்பதும் பித்தளை துடைப்பதும் அவள்தான். ஒரு கையால் அன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் தண்டைத் தாங்கி, தூங்குகிற பிள்ளையைப் புரட்டுவதுபோல அந்தப் பாரமான விளக்கைச் சரித்தாள். அடியில், ஒரு கீறலின் மேல், வரிசையாக மூன்று ஈயப் பொட்டு.

"கடுகண்ணாவைக்குப் போவம்," என்றார் பொன்னுத்துரை.

*

போன வருடக் குண்டுவெடிப்புக்குப் பிறகு வாவியோர வீதி அடைப்பு. பஸ் ஊரைச் சுற்றிக்கொண்டு போக, பேராதனையில் ஒரு தடவை எல்லாரையும் இறக்கி ஏற்ற, கடுகண்ணாவையில் கால் வைக்கும்போது ஒரு மணி தாண்டிவிட்டது. பித்தளை விளக்கு விற்கிற கடைகளில் ஏறி இறங்கி, மூன்றாவது கடையில் கேட்டபோதுதான் பொட்டு வைத்து ஈயம் ஒட்டுகிறவர் யார் என்று தெரிந்தது. றெயில் பாதைக்குக் கீழே, தகரக் கூரைப் பட்டறையில், ஹபீல்.

அறுபது வயது, கண்ணுக்கு மேல் கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் தொப்பி. மூன்று பொட்டு என்றதும் கரி ஊதுகிறதை நிறுத்தினார். மற்றவர்கள் கீறல் முழுக்க ஒரே வழியாக ஊற்றுவார்களாம். அப்படி ஊற்றினால் விளக்குச் சூட்டில் பித்தளை விரிய இடமில்லாமல் மறுபடி பிளக்குமாம். இடைவெளி விட்டுப் பொட்டு வைப்பது அவருடைய வாப்பாவின் கைவேலை.

"அந்த வெளக்கு ரெண்டு தரம் இந்தப் பட்டறைக்கு வந்த," என்றார். "மொத தரம் கொணுவந்த ஒரு மாஸ்டர். மத்தியாஸ் மாஸ்டர். கட்டுகஸ்தோட்டையில வீடு. சின்னப் புள்ளயொண்டையும் கூட்டி வந்தார். அந்தப் புள்ள நான் பொட்டு வெக்க வெக்க எண்ணிச்சி."

இரண்டாம் தரம் எப்போது என்று பொன்னுத்துரை கேட்டார். எண்பத்துமூன்று முடிகிற காலம் என்றார் ஹபீல். வேறு ஒருவர். பேர் சொல்லவில்லை. நெற்றியில் திருநீறு, யாழ்ப்பாணத்துப் பேச்சு, பஞ்சு மாதிரிக் குரல். பட்டறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றாராம்.

"வெளக்குட தலையக் கழட்டிட்டு அன்னம் ஒண்டு வெக்கச் சென்னார். கழட்டினத உருக்கிப் போடுங்கண்டார். வேற ஆக்கள்ட வணக்கச் சாமான். எனக்கு மனம் வரல்ல."

எழுந்துபோய் ஆணிகள் போட்டிருந்த பிஸ்கட் தகரத்தைக் கவிழ்த்தார். பழைய சீலைத் துண்டில் சுற்றி, உள்ளங்கையளவில், அடியில் மரை வெட்டிய ஒரு பித்தளைச் சிலுவை.

டொரதி அதைக் கையில் வாங்கினாள். அவள் வீட்டு விளக்கிலும் இதேபோல ஒன்று உண்டு. கலியாணத்துக்கும் திருநாளுக்கும் தலையில் சிலுவையோடு நிற்கிற விளக்கைத்தான் பிறந்ததிலிருந்து பார்த்து வளர்ந்தவள். மியூசியத்து விளக்கின் அன்னத்தைப் பார்த்ததும், இது நமதில்லை, சைவக்காரர் விளக்கு என்று மனசு தானாகவே தள்ளி வைத்துவிட்டது.

"பாருங்க சேர், பத்து நாளா சொந்தக்காரங்க வீட்டுப் பிள்ளைய அடையாளம் தெரியாம—"

"பொறும்." பொன்னுத்துரையின் முகம் கரிந்துபோயிருந்தது. "நடராஜா அட்டையை வாசிக்கேல்லை எண்டுதானே சொன்னவர்?"

"ஆமா."

"விளக்கு தன்ர தாய்வீட்டு விளக்கு மாதிரி யாழ்ப்பாணத்தில வாங்கினது எண்டும் சொன்னவர். தலையில அன்னம். அன்னம் வைச்ச விளக்கைத் துலைச்சவையை, சொல்லும் டொரதி, ஆராவது பூசையில போய்த் தேடுவினமோ?"

டொரதி சிலுவையைச் சீலைத் துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்தாள்.

நடராஜா தன் கோயிலில் அறிவித்தல் போடச் சொல்லவில்லை. அதைத் தானே பார்த்துக்கொள்வார் என்று பொன்னுத்துரை நினைத்திருந்தார். அன்னத்தைப் பார்த்துப் பழகிய அவர் கண்ணுக்கு அன்னம் ஒரு கேள்வியாகவே படவில்லை. நேரே மாதா கோவிலுக்குப் போகச் சொன்ன மனிதருக்கு, அந்த விளக்கின் பழைய தலை தெரிந்திருந்தது. கதவைத் தட்டிய குரல், தேத்தண்ணி குடித்த வாய்.

"அவர் சொந்தக்காரரைத் தேடேல்லை," என்றார் பொன்னுத்துரை. "சாட்சியைத் தேடுறார். தேடிக் குடுத்தது நாங்கள்."

"நாங்க இல்ல சேர், நான்," என்றாள் டொரதி. "நாலு மணின்னு அவருக்குச் சொன்னவ நான்."

மணி இரண்டே முக்கால்.

*

சந்தியில் கொமியூனிகேஷன் என்று போர்டு போட்ட போன் கடை ஒன்று இருந்தது. மியூசியத்துக்குப் போன் போட்டால் எடுத்தது ரஞ்சனி மிஸ். தவமணி மேல்மாடியில் யாரோ பத்திரிகைக்காரருடன் என்றாள். டொரதி தனக்குத் தெரிந்த சிங்களத்தையெல்லாம் கூட்டிச் சேர்த்தாள். நாலு மணிக்கு ஒரு பெண் வருவாள், அவளை விளக்குக்குக் கிட்டப் போகவிட வேண்டாம், வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள், நடராஜா ஐயாவுக்கு அவளைத் தெரியக்கூடாது, அவருடைய எண்ணம் நல்லதில்லை, தவமணியிடம் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஒரு மூச்சு நேரம் சத்தமில்லை. பிறகு, "ஹரி, மிஸ்," என்று சிங்களத்தில் சரி சொன்னாள் ரஞ்சனி, டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற அதே குரலில்.

பேராதனைப் பாலத்தடியில் மறுபடி இறக்கினார்கள். அடையாள அட்டை பார்த்த சிப்பாய் டொரதியின் கைப்பையைத் திறக்கச் சொல்லி, சீலைத் துண்டை விரித்தான். சிலுவையைக் கண்டதும் அவன் கை தன்னையறியாமல் நெற்றிக்குப் போய், நெஞ்சுக்கு வந்தது. கத்தோலிக்கர் நிறைந்த நீர்கொழும்புப் பக்கத்துப் பிள்ளையாக இருக்கும். அவளைப் போகச் சொன்னான். பொன்னுத்துரையின் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணத்துச் சாவகச்சேரி. அவரைப் போகச் சொல்லவில்லை.

பொலிஸ் பதிவு எங்கே, எத்தனை வருடம் கண்டியில், கடுகண்ணாவையில் என்ன வேலை. ஒவ்வொரு கேள்விக்கும் மரியாதையாக, மெதுவாக, முழு வசனமாகப் பதில் சொல்லிக்கொண்டு நின்றார் கிழவர். அவசரப்பட்டால் இன்னும் அரை மணித்தியாலம் போகும் என்று அவருக்குத் தெரியும். டொரதி பாலத்துக்குக் கீழே ஓடுகிற ஆற்றைப் பார்த்துக்கொண்டு, மாதாவே, அவ வரக்கூடாது, வராம இருக்கட்டும், என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவர்கள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் வந்தது.

மியூசியத்து மேட்டில் ஏறும்போது மணி நாலே கால். வளைவில் வான் நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

*

நடராஜா விளக்குக்குப் பக்கத்தில் நின்றார், வெள்ளை வேட்டியில் ஒரு மடிப்பும் குலையாமல். கொஞ்சம் தள்ளி, ஓலைச்சுவடியைத் தலைகீழாகப் பார்த்தாலும் வித்தியாசம் தெரியாத இரண்டு ஆட்கள். தவமணி சுவரோடு சுவராக நின்றாள். வேறு யாரும் இல்லை.

ஒருவரும் வரவில்லையா என்று டொரதி அவள் காதுக்குள் கேட்டாள். இல்லை என்று தவமணி தலையாட்டினாள்.

"போன்ல மெசேஜ் சொன்னேனே, கெடைச்சிச்சா?"

"என்ன மெசேஜ்?"

டொரதிக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு உயிர் விஷயத்தைச் சொல்லிவைத்தால் இப்படியா மறப்பது. வாசல் மேசைப் பக்கம் திரும்பினாள்.

ரஞ்சனி மிஸ் அன்றைய டிக்கெட் அடிக்கட்டைகளைச் சணலால் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டு சரியாக விழவில்லை போலும். இழுத்துப் பிடுங்கவில்லை. பெருவிரலால் முடிச்சின் வயிற்றில் ஒரே ஒரு அழுத்து. கட்டு பூப்போல விரிந்தது.

டொரதியின் உடைந்த நகம் வலித்தது.

அவுத்து வச்சிட்டுப் போயிருக்கான். காலையில் தான் சொன்ன பகிடி தன்னிடமே திரும்பி வந்து நின்றது. போயிருக்கவில்லை. யாரும் எங்கேயும் போகவில்லை.

அந்தப் பக்கம் பார்த்த கண்ணை அவள் அவசரமாகத் திருப்பினாள். திருப்பிய இடத்தில் நடராஜா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன பிள்ளை, உம்மட ஆளைக் காணேல்லை?"

"பொய்க்காரி போல ஐயா," என்றாள் டொரதி. குரல் எப்படியோ வழக்கம்போலவே வந்தது. "ஓசியில ஒரு வெளக்குன்னதும் ஆசப்பட்டிருப்பா. இங்க வந்து ஒங்களப் பாத்ததும் வெக்கமாப் போயிருக்கும்."

"இல்லைப் பிள்ளை. அவ வருவா. அப்பிடி எழுதினவை வராமல் இருக்கமாட்டினம்."

"எப்பிடி எழுதினவை?" என்றார் பொன்னுத்துரை.

கேள்வி சின்னக் கேள்விதான். நடராஜாவின் சால்வை தோளில் இருந்தபடியே இருந்தது, முகத்துச் சிரிப்பும் இருந்தபடியே இருந்தது. கண் மட்டும் சிரிப்பை விட்டுவிட்டு வேறெங்கோ போய் வந்தது. கேள்விப்பட்டதைச் சொன்னேன் என்றார். நாளைக்குக் கண்காட்சி நிறைவு விழா, அன்பளிப்புச் செய்தவர் என்று இந்த விளக்கை ஏற்றிவைக்கத் தன்னைத்தான் கேட்டிருக்கிறார்கள், பத்து மணிக்குச் சந்திப்போம் என்றார். இரண்டு ஆட்களும் அவருக்கு முன்னால் படியிறங்கினார்கள்.

டிக்கெட் மேசைக்கு நேரே வந்ததும் அவர் நின்றார். ஆறு வருடமாக அந்த மேசையைத் தாண்டிப் போனவர். ஒரு நாளும் நின்றதில்லை. மிஸ்ஸுக்கு எந்த ஊர் என்று சிங்களத்தில் கேட்டார். நீர்கொழும்பு, ஐயா, என்றாள் அவள், தலை நிமிராமல், நூலைச் சுற்றிக்கொண்டு. அவர் கொஞ்ச நேரம் அந்த விரல்களைப் பார்த்தார். பிறகு போனார்.

பொன்னுத்துரை தாமே கதவைச் சாத்திக் கொண்டி போட்டார்.

"நான் சொன்ன மெசேஜ நீங்க குடுக்கலியே," என்றாள் டொரதி, தமிழில்.

ரஞ்சனி நிமிர்ந்தாள்.

"சொல்ல வேண்டிய ஆளுகிட்டத்தானே அக்கா சொன்னீங்க," என்றாள். நெடுநாள் பூட்டிக் கிடந்த அலுமாரியைத் திறந்ததுபோலத் தமிழ் ஒவ்வொரு சொல்லாக வெளியே வந்தது. "எம் பேரு இரஞ்சிதம். மத்தியாஸ் மாஸ்டர் மக."

தவமணி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒன்றாக உட்கார்ந்து அட்டை கட்டிய இரண்டு நாளும் அவளுக்குச் சிங்களத்தில் பதில் சொன்னவள் இவள்.

பன்னிரண்டு வயதில், எரிகிற வீட்டின் பின்பக்கத்தால் தூக்கிப் போடப்பட்ட பிள்ளையைக் கன்னியாஸ்திரிகள் நீர்கொழும்புக்குக் கொண்டுபோய், பேரை மாற்றி, பாஷையை மாற்றி வளர்த்தார்கள். இந்த வேலை கிடைத்த முதல் கிழமையில், துடைப்பதற்காக விளக்கைச் சரித்தபோது விரலில் மூன்று பொட்டு தட்டுப்பட்டது. அதன்பிறகு ஆறு வருடம் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் துடைத்தாள். ஒரு நாளும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே. நான் யாருடையது என்று அந்த அட்டைதான் முதன்முதல் கேட்டது. எழுதினாள். அன்று பிற்பகல் நடராஜா அதை வாசித்துவிட்டு, வேர்த்துப்போய் வெளியே காற்று வாங்கப் போனதைக் கண்டாள். அவர் திரும்பி வந்து அதை எடுத்துப்போவதற்குள் அவிழ்த்துவிட்டாள்.

"போன் எடுத்ததும் நீங்கதானா?"

"ஆமா. பூசையில கேட்டதும் சந்தேகமா இருந்திச்சு. நாலு மணின்னு சொன்னேன். நீங்க மட்டும் வந்தா, திருப்பிக் குடுக்கத்தான் தேடுறாங்கன்னு அர்த்தம். அவரே ஆளோட வந்து நின்னா..." அவள் முடிக்கவில்லை. "அவருக்கு டிக்கெட் கிழிச்சுக் குடுத்ததே நான்தான்."

முப்பத்தொரு வருடம் கடிதங்களுக்கு ஆள் தேடிய பொன்னுத்துரை கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னார். ஒருவரையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்று நடராஜாவிடம் எழுதிக் கொடுத்துவிடலாம். இருட்ட முன்னம் அவளைப் பின்வழியால் கூட்டிப்போய்த் தெல்தோட்டையில் ஒரு கன்னியாஸ்திரி மடத்தில் விடலாம். அங்கிருந்து இந்தியாவுக்கு.

"பதினாறு வருஷம் ஒளிஞ்சாச்சு ஐயா," என்றாள் இரஞ்சிதம். "யாருக்கும் தெரியாதவளத்தான் வான்ல ஏத்தலாம். நாளைக்கு இந்த ஹோல்ல நூறு பேரு இருப்பாங்க. பேப்பர்காரங்க இருப்பாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சபொறகு ஏத்தட்டும்."

"அது போதாது, பிள்ளை," என்றார் அவர் மெதுவாக. "சில நேரம் நூறு பேர் காணாது."

"தெரியும்."

அவள் டிக்கெட் அடிக்கட்டைகளை மேசைக்குள் வைத்துப் பூட்டினாள்.

"கும்பலுக்குப் பயந்து, அவங்க சொன்னபடி எங்க கதவத் தட்டித் தெறக்க வச்சாரு. தன்னோட கடையக் காப்பாத்த. அது எனக்கு வெளங்குது," என்றாள் அவள். "வெளக்கு எப்பிடி அவரு கைக்குப் போச்சு? அத அவரு வாயால சொல்லணும். அது தெரியாம நான் எங்க போயும் தூங்கமாட்டேன்."

டொரதி கைப்பையைத் திறந்து சீலைத் துண்டை அவளிடம் நீட்டினாள். விரித்துப் பார்த்ததும் இரஞ்சிதத்தின் வாய் கோணியது. அழவில்லை. விளக்கண்டை போய் அன்னத்தின் கழுத்தைப் பிடித்தாள். மூன்று திருகில் கையோடு வந்தது. அந்த மரையில் சிலுவையை வைத்துத் திருகினாள். நாலாவது சுற்றில், தன் இடம் இதுதான் என்பதுபோல இறுகி நின்றது. தவமணி புது அட்டை ஒன்றை எடுத்துவந்தாள். பின்னால் காபன், இந்தத் தடவை முழுத்தாள். இரஞ்சிதம் இரண்டு பேரையும் எழுதினாள், அப்பாவின் பேரை, தட்டியவரின் பேரை. எழுதி, கொழுந்துச் சாக்குக் கட்டாகக் கட்டினாள்.

பிறகு அன்னத்தை டொரதியின் கையில் வைத்தாள்.

"இது நம்மளோடது இல்ல. நாளைக்கு அவரு வெளக்கேத்தக் குனிவாரில்ல, அப்பக் கையில குடுங்க அக்கா."

அன்னம் பார்வைக்குத்தான் சின்னது. டொரதியின் கை தாழ்ந்தது. ஏதாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் ஒரு பகிடியும் இருக்கவில்லை.

"டொரதி," என்றார் பொன்னுத்துரை. "நடராஜாவின்ர கோப்பை மூடும். புதுசா ஒண்டு திறவும். மத்தியாஸ் இரஞ்சிதம் எண்டு பேரைப் போடும். விடியுமட்டும் நாங்கள் நாலு பேரும் இஞ்சதான்."

அவள் அன்னத்தைச் சீலைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்துவிட்டு ஜன்னலோரம் போனாள். கீழே வளைவில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த எஞ்சின் நின்றது. கதவு திறக்கவில்லை. ஒருவரும் இறங்கவில்லை. வான் போகவும் இல்லை.